முப்பது மில்லி வினாடி



விண்வெளி பற்றிப் பேச வருகிறவர்கள் வழக்கமாக ராக்கெட்டில் தொடங்குவார்கள். செய்தித்தாள்களும் அப்படித்தான். ராக்கெட் கிளம்பிய மறுநாள் முதல் பக்கத்தில் படம் வரும். அது சுமந்து போன கருவி மூன்றாண்டு கழித்து ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தால் உள்பக்கத்தில் நாலு வரி வந்தால் பெரிது. நான் இன்று ராக்கெட்டை விட்டுவிட்டு, அந்த நாலு வரிக்கு உரிய கருவியைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: விண்வெளியின் காந்தப்புலத்தையும் பிளாஸ்மாவையும் மிக விரைவாக அளக்கும் கருவிகள். விரைவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தத் துறையில் வேகம் போதாத கருவி குறைவாகக் காட்டுவதோடு நிற்பதில்லை. இருப்பதை இல்லை என்றே சொல்லிவிடும்.

இதற்குச் சான்று விண்வெளி அறிவியலின் முதல் கண்டுபிடிப்பிலேயே இருக்கிறது. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 மேலே போனது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் அதில் ஒரு கைகர் கவுன்ட்டரை வைத்திருந்தார். அண்டத்திலிருந்து வரும் கதிர்த் துகள்களை எண்ணுவதுதான் அதன் வேலை. தாழ்வாகப் பறந்தபோது எதிர்பார்த்த எண்ணிக்கை கிடைத்தது. உயரே போனால் சில இடங்களில் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது. கருவி கெட்டுவிட்டதா என்று முதலில் சந்தேகம். மார்ச்சில் ஏவிய எக்ஸ்ப்ளோரர் 3-இல் ஒரு நாடாப் பதிவுக் கருவியும் இருந்ததால் ஒரு சுற்று முழுவதற்கும் தொடர்ச்சியான பதிவு கிடைத்தது. அதிலும் எண்ணிக்கை ஏறி, உச்சத்துக்குப் போய், திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, பிறகு மறுபடி எழுந்தது.

வான் ஆலனிடம் படித்துக்கொண்டிருந்த கார்ல் மெக்கில்வெய்ன் அதே மாதிரிக் கருவி ஒன்றை எடுத்துப்போய் எக்ஸ்ரே எந்திரத்தின் முன்னால் வைத்தார். கதிர் மிதமாக இருக்கும்போது கருவி எண்ணியது. கதிரை மிகவும் கூட்டியபோது எண்ணுவதை நிறுத்திவிட்டது. ஒரு துகளை எண்ணி முடித்து அடுத்ததற்கு ஆயத்தமாக அந்தக் குழாய்க்குச் சிறிது நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குள் அடுத்தடுத்துத் துகள்கள் வந்து விழுந்தால் அது திணறிப் போய் ஒன்றையும் பதிவு செய்யாது. பூஜ்யம் என்று அது சொன்ன இடத்தில்தான் கதிர்வீச்சு மிகக் கடுமையாக இருந்தது. பூமியைச் சுற்றியிருக்கும் வான் ஆலன் பட்டைகள் இப்படித்தான் வெளிப்பட்டன. இதை இன்றைய பேச்சின் முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிடம் என்று நாம் சொல்லும் இடம்

பூமியின் காற்றுமண்டலத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று பள்ளியில் படித்தோம். அங்கே சூரியக் காற்று வீசுகிறது. எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் பிளாஸ்மா அது. பூமிக்கு அருகில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து புரோட்டான். வேகம் வினாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். இந்த மண்டபத்துக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடிக் கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அதனோடு ஒப்பிட்டால் ஐந்து என்பது கணக்கிலேயே வராது. ஆனால் அந்த ஐந்தும் தம்முடன் சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்து வருகின்றன. அதன் அளவு சுமார் ஐந்து நானோடெஸ்லா. நம் தமிழ்நாட்டுத் தரையில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ நாற்பதாயிரம் நானோடெஸ்லா. மின்னூட்டமுள்ள துகள் காந்தப்புலத்தை எளிதில் குறுக்கே தாண்டாது, அதைச் சுற்றிச் சுழலும். அதனால் சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதி, ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை, சூரியனை நோக்கிய பக்கத்தில், பூமியின் ஆரத்தைப்போல் சுமார் பத்து மடங்கு தூரத்தில் இருக்கிறது.

இந்தச் சூரியக் காற்றுக் கதையில் நமக்குச் சொந்தமான ஒரு பக்கம் உண்டு. சூரியக் காற்று இருந்தே தீர வேண்டும் என்று யூஜின் பார்க்கர் கணக்குப் போட்டு எழுதிய கட்டுரையை நடுவர்கள் இருவர் ஏற்கவில்லை. அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல் இதழின் ஆசிரியராக அப்போது இருந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை காண முடியவில்லை. ஆகவே நடுவர்களின் பேச்சை மீறி 1958-இல் வெளியிட்டார். நாலே ஆண்டில் வெள்ளிக் கோளை நோக்கிப் போன மாரினர் 2 வழியெல்லாம் சூரியக் காற்றை அளந்து காட்டியது. தமக்கு உடன்பாடில்லாத கட்டுரையை வெளியிடும் ஆசிரியர்கள் இன்று எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

பூமியின் காந்தப்புலம் கவசமாக நிற்கிறது என்றால் காந்தப்புயல் எப்படி உள்ளே நுழைகிறது? 1961-இல் ஜேம்ஸ் டங்கி ஒரு விடை சொன்னார். சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கு நோக்கி வரும்போது, வடக்கு நோக்கி நிற்கும் பூமியின் புலத்தோடு எல்லையில் எதிரெதிராக உரசுகிறது. ஓரிடத்தில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் அறுந்து, மாறி இணைந்துகொள்கின்றன. பூமிக்குச் சொந்தமான ஒரு கோடு சூரியக் காற்றோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. கதவு திறந்துவிடுகிறது. காந்தப்புலத்தில் தேங்கியிருந்த ஆற்றல் துகள்களின் வேகமாக மாறுகிறது. இதைக் காந்த மறுஇணைவு என்கிறோம். சூரியத் தீப்பிழம்புகளுக்குப் பின்னாலும் இதுவே இருக்கிறது.

ஏட்டில் இதில் ஒரு சிக்கல். பீட்டர் ஸ்வீட்டும் பார்க்கரும் 1950-களின் பிற்பகுதியில் போட்ட கணக்குப்படி சூரியனில் இந்த இணைவு நடந்து முடிய மாதக்கணக்கில் ஆக வேண்டும். கண் முன்னால் நடப்பதோ சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அப்படியானால் கோடுகள் அறுபடும் அந்தச் சின்ன இடத்தில் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும். பூமியின் எல்லையில் அந்த இடத்தின் அகலம் சில கிலோமீட்டர், மிஞ்சிப்போனால் பத்து கிலோமீட்டர். அந்த எல்லையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியக் காற்றின் அழுத்தத்துக்கு ஏற்ப வினாடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் போய்வருகிறது. வினாடிக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடம் நம் செயற்கைக்கோளைக் கடந்துபோக ஐந்தில் ஒரு வினாடிதான் ஆகும்.

சுழலும் கண்ணும் சுற்றிலும் கண்ணும்

இனிக் கருவிக்கு வருகிறேன். பிளாஸ்மாவை அளப்பதற்கு உலகம் முழுவதும் பயன்படும் வடிவம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் கார்ல்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அரைக்கோள உலோக ஓடுகள். நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. உச்சியில் ஒரு திறப்பு, அதற்கு மேல் ஒரு மூடி. ஓடுகளுக்கு நடுவே மின்னழுத்தம் கொடுத்தால், அந்த அழுத்தத்துக்குப் பொருத்தமான ஆற்றலுள்ள துகள் மட்டும் வளைவோடு வளைந்து கீழே வந்து சேரும். ஆற்றல் கூடியது வெளிச்சுவரில் மோதும், குறைந்தது உள்சுவரில் மோதும். கீழே வந்து சேர்ந்தது நுண்துளைகள் நிறைந்த ஒரு கண்ணாடித் தகட்டில் விழும். அங்கே ஒரு எலக்ட்ரான் பத்து லட்சமாகப் பெருகி ஒரு மின்துடிப்பாக வெளியே வரும். அழுத்தத்தைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போனால் எந்த ஆற்றலில் எத்தனை துகள் என்ற கணக்கு கிடைத்துவிடும்.

இந்தக் கருவிக்கு ஒரு குறை. அது விசிறி வடிவில் ஒரு தளத்தை மட்டுமே பார்க்கும். மற்றத் திசைகளைப் பார்க்கச் செயற்கைக்கோளையே சுழல விட்டார்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் வானம் முழுவதும் பார்த்தாகிவிடும். இது சிக்கனமான வழி, பல ஆண்டுகள் நன்றாகவே உதவியது. ஆனால் ஒரு முழுப் படத்துக்கு ஒரு சுற்று ஆகும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிளஸ்டர் செயற்கைக்கோள்களுக்கு ஒரு சுற்றுக்கு நாலு வினாடி. நாம் தேடும் இடம் ஐந்தில் ஒரு வினாடியில் கடந்துவிடும் என்று இப்போதுதான் சொன்னேன். நாலு வினாடிப் படத்தில் அது ஒரு கறையாகக்கூடத் தெரியாது.

துருவ ஒளியை ஆராய்ந்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. வடதுருவப் பகுதியில் பச்சையும் சிவப்புமாக ஆடும் அந்தத் திரைகள் மிக மெல்லியவை. சிலவற்றின் தடிமன் சில நூறு மீட்டர்தான். அவற்றுக்கு மேலே பறக்கும் கோள் வினாடிக்குப் பல கிலோமீட்டர் ஓடுகிறது. 1996 ஆகஸ்ட் 21 அன்று நாசா ஏவிய ஃபாஸ்ட் என்ற சிறிய கோள் இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. எடை இருநூறு கிலோவுக்கும் குறைவு. விமானத்தின் வயிற்றிலிருந்து கிளம்பும் பெகாசஸ் ராக்கெட் அடுத்தடுத்துத் தோற்றதால், கட்டி முடித்த கோள் தன் முறைக்காகக் காத்துக் கிடந்தது. அதன் தலைமை ஆய்வாளர் நான் முன்பு சொன்ன அதே கார்ல்சன். தம் அரைக்கோளக் கருவியின் குறையை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? கோள் சுழன்று திசை காட்டட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கோளைச் சுற்றி நாலு இடங்களில் கருவிகளை அடுக்காக வைத்துவிட்டார். 48 ஆற்றல் படிகள், 32 கோணங்கள் கொண்ட ஒரு முழுப் படம் 78 மில்லி வினாடியில் கிடைத்தது. ஆற்றல் படிகளை ஆறாகக் குறைத்துக்கொண்டால் 1.6 மில்லி வினாடியில் ஒன்று.

பாதையின் உச்சியான 4,175 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கோளின் வேகம் வினாடிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 78 மில்லி வினாடியில் அது நகர்வது நானூறு மீட்டர் சொச்சம். ஒரு சுற்று முடியும்வரை காத்திருந்தால் ஐந்து வினாடியில் இருபத்தேழு கிலோமீட்டர் ஓடியிருக்கும். இந்த வேறுபாடு என்ன தந்தது? துருவ ஒளித் திரைக்குப் பக்கத்திலேயே, எலக்ட்ரான்கள் கீழே விழுவதற்குப் பதிலாக மேல்நோக்கிப் பாய்கிற பகுதிகள் இருப்பதும், அங்கே மில்லி வினாடிக் கணக்கில் தோன்றி மறையும் தனித்த மின்புலத் துடிப்புகள் ஓடுவதும் தெளிவாயின. துருவப் பகுதியிலிருந்து பூமி வெளியிடும் வலுவான வானொலி அலைகள் பிறக்கும் இடத்துக்குள்ளேயே புகுந்து, எந்த மாதிரியான எலக்ட்ரான் பரவல் அவற்றைப் பிறப்பிக்கிறது என்றும் அது அளந்தது.

அதன் நினைவகம் ஒரு கிகாபிட். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியின் ஒரு மூலையில் அது அடங்கிவிடும். எல்லா நேரமும் முழு வேகத்தில் பதிந்தால் நினைவகம் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஆகவே, சுவையான ஏதோ ஒன்று நடக்கிறது என்று அறிகுறி தெரிந்தால் மட்டும் உயர்வேகப் பதிவைத் தானே தொடங்கும்படி செய்திருந்தார்கள். 2009 வரை அது வேலை செய்தது.

நான்கு ஏன்?

ஒரே ஒரு கோள் எத்தனை வேகமாக அளந்தாலும் அதற்குத் தீராத ஒரு சந்தேகம் உண்டு. தெருமுனையில் நிற்கிறவர் காதில் மேளச் சத்தம் ஏறி இறங்கினால், ஊர்வலம் அவரைக் கடந்து போனதா, மேளக்காரர் கை தளர்ந்துவிட்டதா என்று அவரால் சொல்ல முடியாது. காந்தப்புலம் ஏறி இறங்குவதைப் பார்க்கும் ஒற்றைக் கோளும் இந்த நிலையில்தான் இருக்கிறது. இதைத் தீர்க்க ஒரே தளத்தில் அமையாத நாலு புள்ளிகள் வேண்டும். நாலு இடத்திலும் ஒரே நேரத்தில் காந்தப்புலத்தை அளந்தால் அது எந்தத் திசையில் எப்படி மாறுகிறது, எப்படிச் சுழல்கிறது என்பது தெரியும். ஆம்பியர் விதிப்படி அந்தச் சுழற்சியிலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிட்டுவிடலாம். கம்பியே இல்லாத வெளியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இந்த எண்ணத்தோடு ஐரோப்பியர்கள் கட்டிய முதல் நாலு கிளஸ்டர் கோள்கள் 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் கிளம்பி, ஒரு நிமிடம்கூட ஆகாமல் வெடித்துச் சிதறின. ராக்கெட்டின் வழிகாட்டும் கணினியில், 64 பிட் எண் ஒன்றை 16 பிட் எண்ணாக மாற்றும் இடத்தில் எண் அடங்காமல் வழிந்ததே காரணம். கருவிகளில் ஒரு குறையும் இல்லை. மனம் தளராமல் மறுபடி நாலு கட்டினார்கள். 2000-இல் கஜகஸ்தானின் பைக்கனூரிலிருந்து இரண்டிரண்டாக ஏவினார்கள். ரும்பா, சல்சா, சாம்பா, டாங்கோ என்று ஆட்டங்களின் பெயர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவை உழைத்தன. நாலு கண் வேண்டும் என்பதை உலகத்துக்குச் சொன்னது கிளஸ்டர். நாலும் விரைவாகவும் நெருக்கமாகவும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தையும் அதுவே விட்டுச்சென்றது.

அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் கட்டியவை நாசாவின் எம்.எம்.எஸ். என்ற நாலு கோள்கள். டெக்சாஸில் உள்ள தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தின் ஜேம்ஸ் பர்ச் தலைமை ஆய்வாளர். 2015 மார்ச் 12 இரவு நாலு கோள்களும் ஒரே அட்லஸ் ராக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு மேலே போயின. ஒவ்வொன்றும் எண்கோண வடிவம், மூன்றரை மீட்டர் அகலம். சுழற்சி நிதானமானது, ஒரு சுற்றுக்கு இருபது வினாடி. சுழற்சியை நம்பாத வடிவமைப்பு என்பதால் அந்த நிதானம் பாதகமில்லை.

ஒவ்வொரு கோளிலும் எலக்ட்ரானுக்கு எட்டு, அயனிக்கு எட்டு என்று பதினாறு அரைக்கோளக் கருவிகள். நாலு கோளுக்கும் சேர்த்து அறுபத்துநாலு. ஒவ்வொரு கருவியின் வாயிலும் உள்ள மின்தகடுகள் பார்வையை நாலு திசைக்குத் திருப்பும். எட்டும் நாலும் பெருக்கினால் சுற்றிலும் 32 திசை. மேலிருந்து கீழாக 16 கோணம். ஒவ்வொன்றிலும் 32 ஆற்றல் படி. மொத்தம் 16,384 எண்கள். இத்தனையும் முப்பது மில்லி வினாடியில். ஒவ்வொரு ஆற்றல் படிக்கும் ஒரு மில்லி வினாடிகூடக் கிடைக்காது. கிளஸ்டர் கருவிகளின் நாலு வினாடியோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேல் விரைவு. எல்லை வினாடிக்கு ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தாலும் முப்பது மில்லி வினாடியில் ஒன்றரை கிலோமீட்டர்தான். ஐந்தில் ஒரு வினாடியில் ஆறு முழுப் படங்கள் கிடைத்துவிடும்.

அயனிக்கு மட்டும் 150 மில்லி வினாடி ஒதுக்கினார்கள். ஏன் என்று மாணவர்கள் கேட்க வேண்டும். புரோட்டானின் நிறை எலக்ட்ரானைப்போல் 1,836 மடங்கு. ஆற்றல் சமமாக இருந்தால் அதன் வேகம் நாற்பதில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு மில்லி வினாடியில் கருவிக்குள் வந்து விழும் புரோட்டான்கள் மிகக் குறைவு. எண்ணுவதற்குத் துகள் இல்லாமல் வேகத்தைக் கூட்டினால் படத்தில் வெறும் புள்ளிகளின் இரைச்சல்தான் மிஞ்சும். அயனிகளின் அமைப்புகளும் அளவில் பெரியவை, ஆகவே பொறுத்து அளக்கலாம். பதினாறு கருவி எதற்கு, ஒன்றையே வேகமாக ஓட்டினால் போதாதா என்ற கேள்விக்கும் விடை இதில் அடங்கியிருக்கிறது. ஒரு கருவியை அவசரப்படுத்தினால் எண்ணிக்கை குறையும். வேகமும் வேண்டும், எண்ணிக்கையும் வேண்டும் என்றால் வாய்களைப் பெருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு விலையும் உண்டு: அறுபத்துநாலும் ஒரே மாதிரி எண்ண வேண்டும். ஒன்று நூற்றுக்கு ஐந்து குறைவாக எண்ணினால், இல்லாத ஒரு காற்று அந்தத் திசையிலிருந்து வீசுவதாகப் படம் பொய் சொல்லும். அயனிக் கருவிகள் ஜப்பானின் மெய்செய் நிறுவனத்தில் உருவாயின. எலக்ட்ரான் கருவிகள் நாசாவின் காடர்ட் மையத்தில். அவற்றை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்யும் வேலை, கட்டும் வேலைக்குச் சற்றும் இளைத்ததில்லை.

கோளே கோளுக்குப் பகை

காந்தமானிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. சொல்வதற்கு எளிது. எளிதில் காந்தமாகும் உலோக வளையத்தின்மேல் கம்பி சுற்றி, மாறுதிசை மின்னோட்டம் கொடுத்து, வளையத்தை இருபுறமும் மாறி மாறித் தெவிட்டும் அளவுக்குக் காந்தமாக்குகிறோம். வெளியிலிருந்து காந்தப்புலம் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சிறிதளவு வெளிப்புலம் வந்தாலும் சமம் கெட்டு, கொடுத்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒரு குறிகை எழும். இரண்டாம் உலகப் போரில், கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களை விமானத்திலிருந்து தேடப் பயன்பட்ட அதே கருவி. எம்.எம்.எஸ். கோள்களில் அது வினாடிக்கு 128 முறை அளக்கிறது. அதைவிட விரைவான மாற்றங்களுக்கு, வினாடிக்கு ஆயிரக்கணக்கில் அதிரும் அலைகளையும் கேட்கும் சுருள் காந்தமானி தனியாக இருக்கிறது.

கருவி எளிது, ஆனால் அதன் பெரிய பகை அதைச் சுமக்கும் கோள்தான். சூரியத் தகட்டின் மின்னோட்டம், மின்கலம், மோட்டார், ஒரு திருகாணிகூடத் தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை வைத்திருக்கும். அளக்க வேண்டியது சில நானோடெஸ்லா. ஆகவே காந்தமானிகளை ஐந்து மீட்டர் நீளமுள்ள இரண்டு கைகளின் நுனியில், எதிரெதிர்த் திசையில் கொண்டுபோய் வைத்தார்கள். அப்படியும் கருவியின் பூஜ்யம் நாளாக ஆகச் சற்று விலகும். கோள் சுழல்வதால் இரண்டு அச்சுகளில் உண்மையான புலம் ஏறி இறங்கும், கருவியின் பிழை மட்டும் மாறாமல் நிற்கும். எனவே அங்கே பிழையைப் பிரித்து எடுத்துவிடலாம். சுழலும் அச்சின் திசையில் அந்த வசதி இல்லை.

அங்கே ஓர் அழகான உபாயம் செய்தார்கள். கோளிலிருந்து மெல்லிய எலக்ட்ரான் கற்றை ஒன்றை எய்வார்கள். அது காந்தப்புலத்தில் வளைந்து ஒரு வட்டம் போட்டுத் திரும்பிவந்து கோளிலேயே விழும். ஒரு வட்டத்துக்கு ஆகும் நேரம் காந்தப்புலத்தின் அளவை மட்டுமே பொறுத்தது. நூறு நானோடெஸ்லா புலத்தில், ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தைச் சுற்றிவிட்டு மூன்றில் ஒரு மில்லி வினாடியில் வீடு திரும்பும். போய்வந்த நேரத்தை அளந்தால் காந்தமானியின் பிழை வெளியே வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டமிட்டு, மூன்றரை மீட்டர் அகலக் கோளுக்குச் சரியாகத் திரும்பும்படி எய்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை சூரிய வெளிச்சம். வெயில் பட்ட கோள் எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டு நேர் மின்னூட்டம் ஏறி நிற்கும். சுற்றியுள்ள எலக்ட்ரான்களை அது இழுத்து வேகப்படுத்துவதால் அளவு கெடும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகர ஆய்வாளர்கள் தந்த கருவி, இண்டியம் என்ற உலோகத்தின் அயனிகளைத் துப்பிக்கொண்டே இருந்து கோளின் மின்னழுத்தத்தை நாலு வோல்ட்டுக்குள் அடக்கி வைக்கிறது. மின்புலத்தை அளக்க அறுபது மீட்டர் நீளக் கம்பிகள் நாலு திசையிலும் நீட்டி நிற்கின்றன. நுனிக்கு நுனி 120 மீட்டர். இப்படிக் கை நீட்டிக்கொண்டு பறக்கும் நாலு கோள்களை 2016-இல் ஒன்றுக்கொன்று ஏழு கிலோமீட்டர் நெருக்கத்தில் ஓட்டிக் காட்டினார்கள்.

எதைக் கீழே இறக்குவது?

எலக்ட்ரான் படம் மட்டுமே, ஒரு கோளுக்கு வினாடிக்கு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட எண்கள். எல்லாவற்றையும் பூமிக்கு அனுப்ப முடியாது. நூற்றில் சில பங்குதான் இறங்கும். கோள் எல்லாவற்றையும் உயர்வேகத்தில் பதிந்து வைத்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் ஒரு சுருக்கத்தை மட்டும் முதலில் அனுப்புகிறது. அன்றைய முறைக்குரிய ஆய்வாளர் ஒருவர் அந்தச் சுருக்கத்தைப் பார்த்து, இந்த மணி முதல் இந்த மணி வரை முழுப் பதிவும் வேண்டும் என்று குறிக்கிறார். குறிக்காதது அழிந்து, அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். பின்னாளில் இந்தத் தேர்வில் கணினிக்கும் பங்கு கொடுத்தார்கள். ஆனால் அனுபவமுள்ள கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை முதலிலேயே திட்டத்துக்குள் வைத்தது புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். எதைத் தேடுகிறோம் என்று முழுவதும் தெரிந்தால்தானே எந்திரத்திடம் ஒப்படைக்க முடியும்?

2015 அக்டோபர் 16. நாலு கோள்களும் ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் இடைவெளியில், பகல் பக்கத்து எல்லையைக் கடந்துகொண்டிருந்தன. மறுஇணைவு நடக்கும் இடத்தின் நடுவே எலக்ட்ரான்களின் பரவல் பிறைவடிவில் இருக்கும் என்று கணினிக் கணக்குகள் முன்பே சொல்லியிருந்தன. முப்பது மில்லி வினாடிப் படங்களில் அந்தப் பிறை அப்படியே தெரிந்தது. நாலு கோள்களின் பதிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பிறை திசை மாறி, எலக்ட்ரான்கள் புதிதாக இணைந்த கோட்டின் வழியே வெளியேறுவதும் தெரிந்தது. கோடுகள் மாறி இணையும் இடத்துக்குள் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்பதை மனிதன் அளந்து பார்த்தது அப்போதுதான். பர்ச்சும் குழுவினரும் 2016 மே மாதம் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டார்கள்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது 2018-இல் டை ஃபான் குழுவினர் நேச்சர் இதழில் எழுதியது. எல்லைக்கு வெளியே, கலங்கலாகப் புரளும் பிளாஸ்மாவில், எலக்ட்ரான்கள் மட்டும் பீறிட்டு ஓடும் மறுஇணைவைக் கண்டார்கள். பாடப்புத்தகங்கள் மறுஇணைவின் அடையாளமாகச் சொல்லும் அயனிப் பீறல் அங்கே இல்லை. நாலு வினாடிக் கருவியோடு போயிருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருப்போம். 1958-இல் கைகர் கவுன்ட்டர் சொன்ன பூஜ்யத்துக்கும் இதற்கும் உறவு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம் பக்கம்

இதெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடப்பது, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். 2024 மே மாதம் வந்த காந்தப்புயல் இருபது ஆண்டுகளில் மிகக் கடுமையானது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதால், நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் ஒரு பெரும் மின்னோட்டம் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்குக் காரணம் அதுதான். சூரியக் காற்று பூமியைத் தாக்கும்போது, பகல் நேரமானால், அந்தத் துடிப்பு இங்கே பெரிதாகத் தெரியும்.

2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில், 2024 ஜனவரி 6 முதல் சூரியக் காற்றில் நிற்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி. ஆறு மீட்டர் நீளக் கையின் நுனியிலும் நடுவிலும் இரண்டு காந்தமானிகள். ஒன்றுக்கு இரண்டு வைத்தால் கோளின் சொந்தப் புலத்தைக் கழித்துவிடலாம் என்பது உங்களுக்கு இப்போது விளங்கும். பெங்களூரில் செய்தவை அவை. சூரியக் காற்றின் துகள்களை அளக்கும் கருவிகள் அகமதாபாத்திலும் திருவனந்தபுரத்திலும் உருவானவை. வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரம் ஆகும். புயல் விரைவாக வந்தால் அதில் பாதிதான்.

ஆதித்யா நிற்பது ஒரே இடத்தில், ஒரே கோளாக. எச்சரிக்கைக்கு அது போதும். மேளக்காரர் கேள்விக்கு அதனால் தனியாக விடை சொல்ல முடியாது. நெருக்கமாகப் பறக்கும் நாலு இந்தியக் கோள்கள், அவற்றில் முப்பது மில்லி வினாடிக்குக் கீழே இறங்கும் கருவிகள் என்று ஒரு திட்டம் வரும் நாளில், அரைக்கோள ஓடுகளைக் கடையவும், நுண்துளைத் தகட்டைத் தூசி படாமல் கையாளவும், காந்தமானியின் பூஜ்யத்தை நாள்கணக்கில் கவனிக்கவும் ஆட்கள் வேண்டும். நம் கல்லூரிகளின் இயற்பியல் மாணவர்கள் பலர் மற்றவர் இறக்கித் தந்த தரவைக் கணினியில் வரைந்து ஆய்வேடு எழுதுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வளைகோட்டில் எது இயற்கை, எது கருவி என்று கேட்டால் விடை சொல்லப் பலருக்கும் பழக்கம் இல்லை.

ஆகவே இங்குள்ள இயற்பியல் துறைத் தலைவருக்கும், இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். முதுகலை இயற்பியல் மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு காந்தமானியைத் தாங்களே சுற்றிச் செய்து, இந்த வளாகத்தின் நாற்பதாயிரம் நானோடெஸ்லாவை அளந்து, தங்கள் அளவு எவ்வளவு பிழைபட்டது என்று எழுதித் தரட்டும். வேண்டியது ஒரு காந்த உலோக வளையம், செம்புக் கம்பி, சில மின்னணு உறுப்புகள், ஓர் அலைகாட்டி. இந்தச் சொற்பொழிவுக்காக ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை அதற்குத் திருப்பிவிடுங்கள். பேச்சாளருக்குப் பொன்னாடை வேண்டாம்.